அரளிப் புழு, பச்சை அந்துப்பூச்சி: கேளுங்கள், சொல்கிறேன்

கே: அரளியில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு. இரண்டு நீலக் கண் முறைக்கிறது. கொட்டுமா?

ப: கொட்டாது. அவை கண்களும் இல்லை. பயந்தால் தலையை உள்ளே இழுத்து முன்னுடலை உப்ப வைக்கும், அப்போது அந்த நீலப் புள்ளிகள் விரிந்து குட்டிப் பாம்பு மாதிரித் தெரியும். இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரி, 1758இலேயே ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த இனம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நிரந்தரவாசி, வளர்ந்த பூச்சி கோடையில் ஐரோப்பாவரை பறந்து போகும்.

கே: வாலில் உள்ள கொம்பு குத்துமா?

ப: குத்தாது.

கே: டப்பாவில் வளர்த்தேன். நேற்றிலிருந்து பழுப்பாகி, இலையைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சாகப்போகிறதா?

ப: நல்ல கேள்வி. சாகவில்லை, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. செடியில் இருந்திருந்தால் இந்நேரம் கீழே இறங்கிச் சருகுக்குள் புகுந்திருக்கும், பச்சையாகவே இருந்தால் அங்கே பளிச்சென்று தெரியுமே, அதனால்தான் பழுப்பு. பட்டுப்புழு மாதிரி கெட்டியான கூடு கட்டாது, நாலு சருகை இழையால் லேசாகச் சேர்த்துக்கொள்ளும். டப்பாவில் காய்ந்த சருகு போட்டுவிட்டு, தயவுசெய்து தினமும் கிளறிப் பார்க்காதீர்கள். ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் பூச்சி அதில் ஏறித் தொங்கினால்தான் கசங்கிய இறகு விரியும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் முடம். விரிந்ததும் பாருங்கள்: பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் குழைத்த கோலம், இலை நடுவே உட்கார்ந்தால் தேட வேண்டும்.

கே: கொட்டாது என்கிறீர்கள், எனக்குக் கை தடித்துவிட்டதே? விஷ அரளியைத் தின்னும் புழுவும் விஷம்தானே?

ப: புழுவைத் தின்றால்தானே அந்தப் பேச்சு, நீங்கள் தொட்டீர்கள். புழுவுக்கு முடி இருந்ததா?

கே: கொஞ்சம் இருந்தது.

ப: அப்போ அது கம்பளிப்பூச்சி. இது மொழுமொழுவென்று இருக்கும், ஒரு முடிகூடக் கிடையாது.

கே: இல்லை சார், அரளியில்தான் இருந்தது.

ப: அரளியில் உட்கார்ந்ததெல்லாம் இதுவாகிவிடாது. ஒடித்த இலையின் சாறு பட்டாலும் தடிக்கும். அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கே: என்னிடம் அரளியே இல்லை, நந்தியாவட்டையில் இருக்கிறது. வேறு புழுவா?

ப: அதேதான். நித்தியகல்யாணியையும் விடாது. செடிக்கடியில் மிளகு மாதிரி எச்சம் கிடந்தால் நேர் மேலே தேடுங்கள்.

கே: என்ன மருந்து அடிக்கலாம்?

ப: இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். ஒன்றும் வேண்டாம். நாலு புழு தின்று அரளி செத்ததாக நான் பார்த்ததில்லை, மறுபடி துளிர்க்கும்.