டென்ட், கரடி, குக்கர் விசில்: கேம்பிங் கேள்வி பதில்

கோடை நெருங்கியதும் எல்லோரும் டென்ட் வாங்கிவிட்டீர்கள் போல, கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. நான் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில். கலிஃபோர்னியாவும் அக்கம்பக்கமும் எனக்குப் பழக்கம். ஆர்வி (உள்ளேயே தங்கும் வண்டிவீடு), ட்ரெய்லர் சமாசாரம் தெரியாது, அதைக் கேட்காதீர்கள்.

கேள்வி (மில்பிடாஸ் அம்மா): முதல் தடவை போகிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகள், கூட மாமியாரும் வருகிறார். அரசாங்க கேம்ப்கிரவுண்டா, தனியாரா?

பதில்: உங்கள் மாமியாருக்காகத் தனியார் என்பேன். கேஓஏ மாதிரி இடங்களில் வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் மெஷின், சின்னக் கடை எல்லாம் இருக்கும். டென்ட் ஒத்துவராவிட்டால் மர கேபின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேஓஏ 1962இல் மான்டனாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கேம்ப்கிரவுண்ட் நிறுவனம். நெடுஞ்சாலையில் போகிற குடும்பங்களுக்காகவே வளர்ந்தது, அதனால் பல கிளைகள் இன்றும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. ராத்திரி முழுக்க லாரிச் சத்தம் கேட்கும். இடமும் நெருக்கம். பக்கத்து ஆர்வியின் வாசல் விளக்கு உங்கள் டென்ட்டுக்குள் அடிக்கும், தரை பெரும்பாலும் ஜல்லியாக இருக்கும்.

அரசாங்க இடத்தில் மரநிழல், இருட்டு, விசாலம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, ஒரு நெருப்பு வளையம். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் ஓர் இரவுக்கு 36 டாலர்தான், ஆனால் கேம்ப்கிரவுண்டுக்குள் குளியலறை கிடையாது. மாநிலப் பூங்காக்கள் இரண்டுக்கும் நடுவில். பல இடங்களில் காசு போட்டுக் குளிக்கலாம்.

தேசியப் பூங்காதான் வேண்டுமென்றால் பினக்கிள்ஸ் போங்கள். குளியலறை உண்டு, கோடையில் நீச்சல் குளமும் உண்டு. ஒரு விஷயம்: கேம்ப்கிரவுண்ட் கிழக்கு வாசல் பக்கம். மேற்கு வாசலிலிருந்து அதற்குப் போகப் பூங்காவுக்குள் சாலை கிடையாது. ஜிபிஎஸ்ஸை நம்பி மேற்கே போய்விட்டால் பூங்காவை முழுக்கச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். அப்புறம், குளிராக இருந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

கேள்வி (ஃப்ரீமான்ட் அப்பா): யோசெமிட்டியில் இடமே கிடைப்பதில்லையே. எப்படி புக் செய்வது அண்ணா?

பதில்: பள்ளத்தாக்கில் இருக்கும் அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டுகள் மூன்றுக்கும் ஐந்து மாதம் முன்னால், 15ஆம் தேதி காலை 7 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறப்பார்கள். பிப்ரவரி 15 அன்று ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரை திறக்கும். 6:45க்கே லாகின் செய்து, தேதியைத் தேர்ந்து உட்கார்ந்திருங்கள். சில நிமிடங்களில் காலியாகிவிடும். கிடைக்காவிட்டால் அதே தளத்தில் அறிவிப்பு கேட்டு வையுங்கள். ரத்துக் கட்டணம் 10 டாலர்தான் என்பதால் நிறையப் பேர் கடைசி வாரத்தில் விட்டுவிடுவார்கள்.

கேள்வி (சன்னிவேல் வாசகி): யோசெமிட்டி புக்கிங் எப்போது திறக்கும் சார்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

கேள்வி (சான் ரமோன் சாரதி): சாப்பாட்டைக் காரில் பூட்டி வைத்தால் போதாதா? யெல்லோஸ்டோன் பூங்காவில் அப்படித்தான் வைத்தோம், ரேஞ்சரும் (பூங்கா அதிகாரி) சரி என்றார்.

பதில்: அங்கே சரிதான். யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காரில் சாப்பாடு இருக்கக்கூடாது. எல்லாம் கரடிப் பெட்டிக்குள் (கேம்ப்கிரவுண்டில் வைத்திருக்கும், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி) போகணும். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், குழந்தையின் வெட் வைப்ஸ் உட்பட. பெட்டியின் வழக்கமான அளவு 45 அங்குல அகலம், 33 ஆழம், 18 உயரம். உங்கள் கூலர் 18 அங்குலத்துக்கு மேல் உயரமா என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். ஐஸ்பெட்டியைச் சாய்த்து நுழைக்கப் பார்த்துத் தயிரைக் கொட்டிக்கொள்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

கேள்வி (மறுபடி சாரதி): ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். பூட்டிய டிக்கியில் இருக்கும் சாம்பாருக்காகக் கரடி காரை உடைக்குமா?

பதில்: உடைக்கும் ஐயா. 1998இல் மட்டும் யோசெமிட்டியில் கரடித் தொல்லைச் சம்பவங்கள் 1,500ஐத் தாண்டின. பெரும்பாலும் கார்கள்தான். கண்ணாடிக்கு மேல் இருக்கும் கதவுச் சட்டத்தில் நகத்தை மாட்டி, கதவை அப்படியே வெளிப்பக்கம் மடக்கிவிடும். பெட்டிகள் வந்து, விதியைக் கடுமையாக்கிய பிறகுதான் எண்ணிக்கை விழுந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு இது முக்கியம். 2001 முதல் 2007 வரை அங்கே உடைபட்ட கார்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை 2009இல் வந்தது. பூங்காவுக்குள் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மிக அதிகமாக உடைபட்டவை மினிவேன்கள். குழந்தைகள் சிந்தும் தீனி ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

கேள்வி (டப்ளின் ஒடிசி மினிவேன்காரர்): போச்சு! எங்கள் குழந்தையின் கார் சீட்டுக்கு அடியில் ஒரு தீபாவளியே இருக்கிறதே.

பதில்: கிளம்பும் முன் கார் சீட்டைக் கழற்றி வேக்யூம் போடுங்கள். முறுக்குத் தூள், பால் காய்ந்த சிப்பர் கப், காய்ந்த ஆப்பிள் துண்டு எல்லாம் வெளியே வரும்.

கேள்வி (சாரதி): தனியார் கேம்ப்கிரவுண்டில் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: கரடி வேலி பார்த்து நிற்பதில்லை. மலைப்பக்கத்துத் தனியார் இடமென்றால் அங்கேயும் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு புக் செய்யுங்கள். ஊறுகாய் பாட்டிலை டென்ட்டுக்குள் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது.

கேள்வி (குப்பர்டினோ மாமி): அப்படியானால் அங்கே சமைக்கவே கூடாதா? காலையில் ஐந்து மணிக்குக் குக்கர் வைத்துவிடுவேனே.

பதில்: தாராளமாகச் சமையுங்கள் மாமி, ஆறு மணிக்கு அப்புறம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பக்கத்து டென்ட்டில் தூங்குகிறவர்களுக்கு மூன்று விசில் சத்தத்துக்கு விளக்கம் சொல்வது கஷ்டம். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் வீட்டிலேயே கிளறி எடுத்து வந்துவிட்டால் முதல் நாள் அடுப்பே வேண்டாம். அடுப்பு எப்போதும் மேசையில்தான், டென்ட்டில் இல்லை.

இந்தப் பதிலுக்குக் கீழே பெரிய சண்டையே ஓடியிருக்கிறது. குழுவாகப் போய் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது நம் உரிமை என்கிறார் ஒருவர். இன்னொருவர் வெள்ளைக்காரர்கள் மட்டும் ஜெனரேட்டர் போடலாமா என்கிறார். ஜெனரேட்டருக்கும் நேரக்கட்டுப்பாடு உண்டு. உங்கள் இடத்தைத் தாண்டிக் கேட்கிற பாட்டை ரேஞ்சர் நிறுத்தச் சொல்வார், எந்த மொழிப் பாட்டாக இருந்தாலும். யோசெமிட்டியில் ஓர் இடத்துக்கு ஆறு பேர், குழந்தைகளையும் சேர்த்து. நான்கு குடும்பம் ஒரே இடத்தில் டென்ட் போடுவதை உரிமை என்று வாதாடவே வேண்டாம். இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

கேள்வி (ட்ரேசி தம்பி): ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸில் பாதி விலையாமே?

பதில்: விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது தம்பி. 62 வயதாகி, அமெரிக்கக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருந்தால்தான். வருடத்துக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80. அது இருந்தால் பல மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். சாதாரண வருடாந்தர பாஸ் நுழைவுக்கு மட்டும்தான், கேம்பிங்குக்கு உதவாது.

கேள்வி (புதுசா வந்தவன்): யோசெமிட்டிக்கு எப்போது புக் செய்யணும் ப்ரோ?

பதில்: இதோடு மூன்றாவது ஆள். மேலே படியுங்கள்.

கேள்வி (ஓக்லாண்ட் கணேஷ்): யோசெமிட்டியின் துவாலமி மெடோஸில் ஜூலையிலேயே நடுங்கிவிட்டோம். ஒரு இரும்புச் சட்டியில் கங்கு போட்டு டென்ட்டுக்குள் வைத்தால் ஆகாதா?

பதில்: ஆகாது, ஆகாது, ஆகாது. கங்கு அணைந்த மாதிரித் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தோம் என்பதெல்லாம் காப்பாற்றாது. தூக்கத்திலேயே குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

அந்த இடம் 8,600 அடி உயரம், குளிரத்தான் செய்யும். உங்களை நடுங்க வைத்தது தரை. பெரிய காற்று மெத்தையில் உள்ளே இருக்கும் காற்றே ஜில்லென்று ஆகி முதுகின் சூட்டை உறிஞ்சும். ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 4க்கு மேல் உள்ள படுக்கைப் பேட் வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் 20 டிகிரி (ஃபாரன்ஹீட்) என்று எழுதியிருந்தால், பல கம்பெனிகளில் அது தாங்கும் எல்லைதான், சுகமாகத் தூங்கும் அளவு இல்லை.

கேள்வி (சாக்ரமென்டோ ராஜி): வீட்டு விறகைக் கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம், விறகோடு பூச்சியும் பயணம் போகும். போகிற இடத்தில் வாங்குங்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கீழே கிடக்கும் சுள்ளியும் பொறுக்கக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மாலை 5 முதல் 10 வரைதான் நெருப்பு.

கேள்வி (சான் டியேகோ இருவர்): ஜாஷுவா ட்ரீ பாலைவனப் பூங்காவில் ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்ட் கிடைத்துவிட்டது. என்ன எடுத்துப் போகணும்?

பதில்: தண்ணீர். அங்கே குழாயே கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலனாவது வேண்டும், சமையலுக்குத் தனி. காற்று பலமாக அடிக்கும், முளை மணலில் நிற்காது. தண்ணீர்க் கேன்களை டென்ட்டின் நான்கு மூலையிலும் உள்பக்கம் வையுங்கள்.

கேள்வி (சியாட்டில் தோழி): யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் கேம்ப்கிரவுண்டை புக் செய்துவிட்டேன். டென்ட் போட நல்ல இடமா?

பதில்: அங்கே டென்ட்டே போட முடியாதும்மா. கிரிஸ்லி கரடி நடமாட்டம் என்பதால் கெட்டிச் சுவர் உள்ள ஆர்விக்கு மட்டும்தான் அனுமதி, துணி வைத்த ட்ரெய்லருக்குக்கூட இல்லை. மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ் மூன்றிலும் டென்ட் போடலாம். இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.