ஸ்பிரே கன்னை ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பொறுப்பையும் பெயிண்டரிடமே விடலாமா?

பொதுவில் வைத்திருக்கும் ஸ்பிரே கன்கள் எப்போது பார்த்தாலும் அடைத்துக்கொண்டே இருக்கின்றன, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து அவரவர் கன்னுக்கு அவரவரே பொறுப்பு என்று அறிவித்தால் சரியாகிவிடுமா, சேதமானால் சம்பளத்தில் பிடிக்கலாமா என்பது கேள்வி. பிரித்துக் கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். இந்த இரண்டையும் சேர்த்தே செய்யப் போய் ஓராண்டை வீணாக்கிய ஒரு தொழிற்சாலையில் நான் முதலில் பெயிண்டராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பொதுக் கன் ஏன் கெடுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பலரும் அதைப் பெயிண்டர்களின் அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பாகமாக வரும் எபாக்சி பெயிண்டில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்த நிமிடத்திலிருந்து வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது. உரிய நேரம் கடந்து அது இறுகிவிட்டால் எந்தத் தின்னராலும் அதை மறுபடி கரைக்க முடியாது. மாலையில் கடைசியாக அடித்தவர் கொஞ்சம் தின்னரை ஊற்றி ஒருமுறை அடித்துவிட்டு, பெயிண்ட் வெளிவரும் வாயான நாசிலைக் கழற்றிப் பார்க்காமலேயே கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் அதை எடுப்பவர் அடைத்த துளையைக் கையில் அகப்பட்ட கம்பியால் குத்துகிறார். நாசிலைச் சுற்றிக் காற்றை வீசும் மூடியான ஏர் கேப்பில் இருக்கும் துளைகள் மிக நுணுக்கமான அளவில் துளைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று சற்றே நெளிந்தாலும் விசிறி, அதாவது பெயிண்ட் விரிந்து விழும் வடிவம், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மதியம் அந்தக் கன் யார் கைக்குப் போகிறதோ அவர், காரணம் தெரியாமல் காற்றழுத்தத்தைக் கூட்டி அந்தச் சாய்வைச் சமாளிக்கப் பார்க்கிறார். பெயிண்டில் பெரும்பங்கு பொருளின் மேல் படியாமல் புகையாகப் பறந்து போகிறது. இந்த மூவரில் எவரையும் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கழுவுகிற வேலை ஒருவருக்கும் அதன் பலன் வேறொருவருக்கும் என்று ஏற்பாடு இருந்தால் எந்த மனிதரும் அப்படித்தான் நடந்துகொள்வார், நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன்.

ஆளுக்கொரு கன் கொடுத்தால் சுத்தம் மேம்படும் என்ற எண்ணத்தில்தான் நாங்களும் தொடங்கினோம். சுத்தம் மேம்பட்டது உண்மைதான், ஆனால் நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த லாபம், எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் திறன். பொதுக் கன் இருந்த காலத்தில் பரப்பில் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பு வந்தால் தரப் பரிசோதகர் பெயிண்டரைக் கை காட்டுவார், பெயிண்டர் கன்னைக் கை காட்டுவார், பராமரிப்புப் பிரிவினர் பெயிண்ட்டைக் கை காட்டுவார்கள். மூன்றையும் மறுக்க யாரிடமும் சான்று இருக்காது. ஒரே கன்னை மாதக்கணக்கில் பிடித்தவருக்கு அதன் விசையை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு பெயிண்ட் வரும், முந்தாநாள் விசிறி எப்படி விழுந்தது என்பதெல்லாம் கையிலேயே இருக்கும். விசிறி ஒரு பக்கம் கனத்து விழுந்தால் அவர் ஏர் கேப்பை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடித்துப் பார்ப்பார். கனமும் சேர்ந்து மறுபக்கம் போனால் குறை ஏர் கேப்பில், போகாமல் அதே பக்கம் நின்றால் குறை நாசிலில் அல்லது அதைத் திறந்து மூடும் ஊசியான நீடிலில். பெயிண்ட் சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தால், பெயிண்ட் வரும் வழியில் காற்று புகுகிறது என்று பொருள்: நாசில் தளர்ந்திருக்கலாம், நீடிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் காய்ந்திருக்கலாம், அல்லது கோப்பையில் பெயிண்ட் குறைந்திருக்கலாம். இவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் நேற்று இந்தக் கன் ஒழுங்காக இருந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் இருந்தால்தான் இந்தச் சோதனைகளுக்கு மதிப்பு.

இனி, சம்பளப் பிடித்தம். எங்கள் நிர்வாகம் முதல் ஆண்டில் கன்னோடு சேர்த்து ஓர் ஒப்புதல் தாளையும் கொடுத்து, உதிரிபாகம் கேட்பவர் பெயருக்கு எதிரே குறிப்பெழுதத் தொடங்கியது. குறிப்புகள் கூடினால் பிடித்தம் என்று பேச்சு. காற்றின் துணையில்லாமல் அழுத்தத்தாலேயே பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்லெஸ் பம்பில் வேலை செய்த ஒருவர், எங்களில் மிகவும் கவனமானவர் என்று பெயரெடுத்தவர், தேய்ந்துபோன டிப்பை, அதாவது அந்தக் கன்னின் நுனியில் மாட்டும் துளையுள்ள பாகத்தை, மாற்றக் கேட்டால் தன் பெயர் கெடும் என்று அஞ்சி வாரக்கணக்கில் அதைக் கொண்டே அடித்தார். டிப் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டலாம். 517 என்று எண் போட்ட டிப்பில் முதல் இலக்கத்தை இரட்டித்தால் ஏறக்குறைய 12 அங்குலத் தூரத்தில் விழும் விசிறியின் அகலம், அதாவது 10 அங்குலம். பின் இரண்டு இலக்கங்கள் துளையின் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. தேய்ந்து தேய்ந்து அந்தத் துளை 21 அளவுக்கு விரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளையின் பரப்பு ஒன்றரை மடங்காகிறது, ஆகவே பெயிண்ட்டும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் கூடுதலாக வெளியேறும். அதே வேளையில் விசிறி 10 அங்குலத்திலிருந்து ஏழரை அங்குலமாகச் சுருங்கிவிடும். ஒன்றரை மடங்கு பெயிண்ட் முக்கால் அகலத்தில் விழுந்தால், கையின் வேகம் மாறாதபோது, பூச்சின் கனம் இரு மடங்காகிவிடும். 125 மைக்ரான் கேட்ட இடத்தில் 250 மைக்ரான் நின்றால் ஒழுகும், உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும், ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். விசிறி கால் பங்கு சுருங்கியதும் டிப்பை மாற்றிவிட வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தத் தோழர் மிச்சப்படுத்திய ஒரு டிப்புக்காக எத்தனை டப்பா பெயிண்ட் வீணானது, எத்தனை பொருள்களைச் சுரண்டி மறுபடி அடித்தோம் என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்தக் குறிப்பேட்டை மூடினார்கள்.

டிப், நீடில், நாசில், பேக்கிங் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ளவை. ஒருவர் அதிகமான டிப் கேட்கிறார் என்றால் அவர் அதிகமாக அடிக்கிறார், அல்லது துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் போன்ற உரசல் மிகுந்த பெயிண்டை அடிக்கிறார் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒருவருடைய உதிரிபாகக் கணக்கை மற்றவருடையதோடு ஒப்பிடுவதற்கு முன் யார் எந்தப் பெயிண்டை எவ்வளவு அடித்தார் என்று பார்க்காத மேற்பார்வையாளரிடம் இந்தத் திட்டத்தை ஒப்படைக்கவே கூடாது. இரண்டாம் ஆண்டில் நாங்கள் செய்தது எளிது: பழைய டிப்பைக் கொடுத்தால் புதியது கிடைக்கும், கேள்வி கிடையாது. கன் கீழே விழுந்து நசுங்கியதைக்கூட மறைக்காமல் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

பொறுப்பைக் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிற இன்னொன்று நேரம். ஷிஃப்ட் முடியும் மணி வரைக்கும் பொருள்களைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கன்னைக் கழற்றிக் கழுவும் வேலையை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்யச் சொல்வது, பொறுப்பு என்ற பெயரில் ஊதியமில்லாத வேலையைச் சுமத்துவதாகும். கடைசி இருபது நிமிடத்தை உற்பத்திக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டோம். ஜப்பானில் நிப்பான்டென்சோ நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் வளர்ந்த பராமரிப்பு முறை, இயந்திரத்தை இயக்குபவரே அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, சோதிக்க வேண்டும் என்கிறது. துடைக்கும்போதுதான் விரிசலும் தளர்வும் கண்ணில் படும், ஆகவே துடைப்பதே ஒரு சோதனை என்பது அதன் அடிப்படை. ஸ்பிரே கன்னுக்கு இது அப்படியே பொருந்தும், ஆனால் அங்கே அது வேலை நேரத்துக்குள் நடக்கும் வேலை என்பதை நம்மவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கழுவும் முறையையும் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். கன்னை முழுதாகத் தின்னரில் ஊறப்போடுவது பலருக்கும் பழக்கம்; அதனால் எண்ணெய்ப்பசை போய்ப் பேக்கிங் காய்ந்துவிடும், கரைந்த பெயிண்ட் காற்றுவழிகளுக்குள் போய்ப் படிந்துவிடும். துளைகளுக்கு மரக்குச்சியும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். குளோரின் கலந்த கரைப்பான்களை அலுமினியப் பாகங்கள் உள்ள கன்னிலோ பம்பிலோ பயன்படுத்தவே கூடாது, அழுத்தத்தில் அவை வினைபுரிந்து வெடிக்கக்கூடும்.

பொறுப்பின் எல்லை எங்கே முடிய வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். கன், டிப், ஃபில்டர், பம்பின் மேல் கிண்ணத்தில் விடும் எண்ணெய் ஆகியவை பெயிண்டருடையவை. ஏர்லெஸ் பம்பின் உட்பாகங்கள், அழுத்தக் குழாய், எர்த் இணைப்பு ஆகியவை பராமரிப்புப் பிரிவுக்கும் நிர்வாகத்துக்கும் உரியவை; இவற்றைப் பெயிண்டர் பார்க்கலாம், குறை இருந்தால் வேலையை நிறுத்தலாம், ஆனால் பழுது பார்க்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அந்தப் பம்ப் 200 பார் அழுத்தத்தில் சர்வ சாதாரணமாக இயங்குகிறது. டிப்பின் முன்னாலோ குழாயின் பொத்தலுக்கு அருகிலோ விரலை வைத்தால் பெயிண்ட் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும்; வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இராது, ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். ஆகவே டிப்பைக் கழற்றுமுன் பம்பை நிறுத்தி, அழுத்தத்தை முழுதாக வெளியேற்றி, விசையைப் பூட்ட வேண்டும் என்பது தனிமனிதரின் நல்ல பழக்கத்துக்கு விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. உங்கள் கன், உங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிய தாளைக் காட்டி விபத்தின் சுமையைப் பெயிண்டர் தலையில் ஏற்றும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாக வாங்க இயலாது என்றால் முகக்கவசத்திலிருந்து தொடங்குங்கள். பாலியூரிதேன் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். அதற்குக் காற்றுக்குழாய் இணைத்த கவசம்தான் தேவை. வடிகட்டி வைத்த சாதாரணக் கவசத்தை ஷிஃப்ட் முடிந்ததும் வெளியில் தொங்கவிட்டால் அதிலிருக்கும் கரி, யாரும் அணியாதபோதும் ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடிய டப்பாவில் வைத்து, திறந்த தேதியை எழுதிவைப்பவர் அதன் உரிமையாளராக மட்டுமே இருப்பார்.

உரியவர் விடுப்பில் போனால் அவருடைய கன்னை எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எங்கள் இடத்தில் பெயர் எழுதாத இரண்டு கன்களைத் தனியாக வைத்து, அவற்றை நான் கழுவினேன். அவசரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய பெட்டியில் இருக்கும் அடுத்தவர் கன்னுக்குச் சாவி மேற்பார்வையாளரிடமும் கிடையாது.