ஜெபம் வெறும் கடமையாகத் தோன்றும்போது

சகோதரி, தினமும் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் தேவன்மேல் அன்பே பொங்கவில்லை, நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். நடிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் வருவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தம்மைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடன் பேதுருவிடம் இயேசு, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். உன் உள்ளம் உருகுகிறதா என்று சோதிக்கவில்லை. ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுக்கிறார். அதற்கு முன்பே கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராக இருந்தன, வந்து சாப்பிடுங்கள் என்று அழைத்தும்விட்டார். முதலில் அவருடைய அன்பு, அப்புறம்தான் கேள்வி. அவர் முந்தி நம்மை நேசித்ததால் நாமும் நேசிக்கிறோம் என்று 1 யோவான் 4:19 சொல்லும் வரிசையும் இதுதான்.

அதனால் உணர்ச்சியை வலிந்து வரவழைக்காதீர்கள். (நானும் பல மாதம் முயன்று களைத்தவன்.) அக்காவோடு பேச்சே நின்றுவிட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, என் கண்ணில் பட்டது அதுதான். காண்கிற சகோதரனை நேசிக்காமல் காணாத தேவனை எப்படி நேசிப்பது என்று 1 யோவான் 4:19-க்கு அடுத்த வசனமே கேட்கிறது. தப்பு யார்மேல் என்று எனக்குத் தெரியாது. சரி, இந்த வாரம் ஜெப நேரத்தைக் கூட்ட வேண்டாம். நீங்களே முதலில் போன் செய்யுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டாலே போதும். எடுக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை.