கேள்வி–பதில்: இடையில் நின்ற காற்று

78 சூறாவளியில் காற்று ஒருக்கா அடங்கி, பிறகு மறுபக்கத்தால் அடித்ததாக அம்மப்பா சொல்வார். அது எப்படி?
– ஆரையம்பதி வாசகர்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையேறிய அந்தப் புயல் 900க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டு, தீவைக் குறுக்கறுத்து, மறுநாள் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது.

நமது பக்கத்தில் புயல்காற்று வலமிருந்து இடமாகச் சுழலும். மேற்கே நகரும் புயல் உங்கள் ஊருக்கு மேலாக வந்தால் முதலில் வடக்கால் அடிக்கும். நடுவிலுள்ள ‘கண்’ வரும்போது அடங்கும். கண் தாண்டியதும் தெற்கால் அடிக்கும். 20 கிலோமீற்றர் அகலக் கண் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்தால், நேர் நடுவில் உள்ளவருக்கு ஒரு மணித்தியால அமைதி. கண்ணின் ஓரம் மட்டும் தொட்ட ஊருக்குப் பத்து நிமிடமும் கிடைக்காது. அந்த நேரம்தான் மாட்டை அவிழ்க்கவும் தகரம் பொறுக்கவும் ஆட்கள் வெளியே வருவார்கள். மறுகாற்று மெல்ல மெல்லக் கூடி வராது, வரும்போதே முழு வேகம். ஈர மண்ணில் தெற்கே சாய்ந்து வேர் தளர்ந்த தென்னை அதற்கு நிற்காது.

கூரைத் தகரத்துக்கு மேல் மணல் மூட்டை வைத்தால் போதுமா?
– காரைதீவு வாசகர்

போதாது. மணிக்கு 150 கிலோமீற்றர் காற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ விசை தரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. எட்டடித் தகரம் ஒன்றை மேலே இழுப்பது கிட்டத்தட்ட 200 கிலோ. 25 கிலோ மூட்டை அதற்கு முன்னே எம்மாத்திரம்? பறந்தால் அதுவும் சேர்ந்துதான் பறக்கும்.

இழுப்பு மிகக் கடுமையாக இருப்பது முகட்டிலும் இறவாரத்திலும் பக்க ஓரங்களிலும். அங்கே ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் றபர் வொஷரோடு திருகாணி போடுங்கள். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ஆனால் பெரும்பாலும் தோற்பது திருகாணி அல்ல. தகரம் பதியும் குறுக்குமரம் கைமரத்தில் வெறும் ஆணியால் நிற்கும். ஆணி நேரே கழன்று, மரத்தோடு தகரம் போய்விடும். அந்தச் சந்தியை இரும்புப் பட்டையால் சுற்றிக் கட்ட வேண்டும். கைமரத்தைச் சுவர்மேல் மரத்தோடும், அந்த மரத்தைச் சுவர் உச்சியைச் சுற்றி வார்த்த கொங்கிறீற்று வளையத்தில் புதைத்த போல்ட்டோடும் அப்படியே இறுக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் மற்றதெல்லாம் வீண். விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக அமையுங்கள், போனால் அது மட்டும் போகட்டும்.

புயலிலும் சுனாமியைப் போலக் கடல் உள்வாங்குமா?
– அக்கரைப்பற்று வாசகர்

கண்ணுக்குத் தெற்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் நீர் சற்று இறங்கலாம், வடக்கே ஏறும். 2004இல் அம்பாறையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலைக்கு வானிலையில் அறிகுறியே இல்லை. புயலுக்கு அநேகமாக ஒரு நாள் முன்னெச்சரிக்கையாவது கிடைக்கும். வாவிக்கரையார் கடலை மட்டும் பார்த்திருக்கக்கூடாது: வடகாற்று தெற்கே தள்ளிய வாவி நீர், காற்று மாறியதும் திரும்பி வரும்.