விளம்பர வருமானத்தை நம்பிக் கல்விக் கடனைக் குறைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் மகனுக்கு இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் மனம் நிறைந்தது. விடியற்காலையில் அவனை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிய பத்து வருடங்களுக்கு இதைவிட நல்ல பலன் வேண்டாம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைக் கவலைப்பட வைத்தது. செலவில் அறுபது சதவீதத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. மீதியை விளம்பர ஒப்பந்தங்களில் பையனே சம்பாதித்துக்கொள்வான் என்று முகவர் சொல்கிறார். அதை நம்பி வங்கிக் கடனைப் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். குறைக்க வேண்டாம்.

முகவர் காட்டும் கதைகள் பொய்யல்ல. 2021 ஜூலை 1 முதல், கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அனுமதித்தது. அன்றைக்கே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து அணியின் இரட்டைச் சகோதரிகளான ஹேலி, ஹன்னா கேவிண்டர் ஒரு செல்போன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்குப் பணம் தரலாம். 2025-26ஆம் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போய்விடும். டென்னிஸுக்கு வந்து சேர்வது சொற்பம்.

அதைவிடப் பெரிய முடிச்சு விசாவில் இருக்கிறது. உங்கள் மகன் போகப்போவது எஃப்-1 மாணவர் விசாவில். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்தால் விசா நிபந்தனையை மீறியதாகும். உள்ளூர் கடை ஒன்றுக்காக ஷூவைக் கையில் பிடித்து அரை நிமிட வீடியோ எடுத்து, அதற்குப் பணம் வாங்கினால் அதையும் வேலையாகவே கருதுவார்கள். பணத்துக்குப் பதில் நான்கு ராக்கெட் வாங்கிக்கொண்டாலும் ஆபத்து நீங்காது. பக்கத்து அறையில் இருக்கும் அமெரிக்கப் பையன் தாராளமாகச் செய்வதை இவன் செய்தால், படிப்பையே பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டி வரலாம்.

பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸாக் எடீ 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வானவர். கனடாவிலிருந்து வந்த மாணவர் என்பதால், அவ்வளவு புகழ் இருந்தும் சக வீரர்களைப் போல ஒப்பந்தங்களில் இறங்க முடியவில்லை. கென்டக்கி அணியின் ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டுக்காரர். 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுகளுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே அங்கேயே தன் விளம்பர வேலைகளை முடித்தார். உங்கள் மகனுக்குத் திறந்திருக்கும் வழியும் ஏறக்குறைய இதுதான். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, இங்குள்ள நிறுவனத்துக்கு இங்கேயே படமெடுத்துக் கொடுக்கலாம். அதற்கும் முன்னதாகப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் ஒரு முறை காட்டுவது நல்லது. பயிற்சியாளர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னால் போதாது.

விசா நேர்காணலில் விளம்பர வருமானத்தைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்வேன் என நினைத்திருப்பீர்கள். நான் சொல்வது வேறு: அப்படிச் சொல்லத் தேவையே இல்லாதபடி பணத்துக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். முதல் வருடச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அதிகாரி கேட்பார். உதவித்தொகைக் கடிதமும் வங்கியின் கடன் ஒப்புதலும் சேர்ந்து அந்தத் தொகையை முழுதாகக் காட்ட வேண்டும்.

ஆகவே கடனை முழுத் தொகைக்கே ஒப்புதல் வாங்குங்கள். கல்விக் கடன் பருவத்துக்குப் பருவம் தவணையாகத்தான் விடுவிக்கப்படுகிறது. எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. நல்லபடியாகப் பணம் வந்தால் அடுத்த தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக ஒப்புதல் வாங்கிவிட்டு, மூன்றாவது பருவத்தில் கட்டணத்துக்காக நகையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம். உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கும் உறுதியா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதா, காயம் பட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். தங்குமிடம், சாப்பாட்டுக்காகத் தரும் பகுதிக்கு அங்கே வருமான வரி உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

முகவர் நீட்டும் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் கெர்வான் டெக்ஸ்டர் 2022இல் சுமார் 4,36,000 டாலர் வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தொழில்முறை ஆட்டத்தில் அவர் சம்பாதிப்பதில், வரி பிடிப்பதற்கு முன்பே, 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தருவதாக அதில் எழுதியிருந்தது. மறு வருடமே அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். பதினெட்டு வயதுப் பையனுக்கு இருபத்தைந்து ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

மதுரைக்காரரான டென்னிஸ் வீரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2025இல் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்து மண்ணில் இந்தியாவுக்காக வென்றார். உங்கள் மகன் அங்கே போவது அந்த மாதிரி ஆட்டத்துக்காக. முகவரின் தாள்களில் யாரும் கையெழுத்திடுவதற்கு முன், எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். கால வரம்பு, சதவீதம், விலகும் உரிமை ஆகிய மூன்றையும் நாம் மூவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.