மகள் கேட்பது ராக்கெட் படிப்பு இல்லை

மகளை என்ன படிக்கவைப்பது என்று கேட்டு கோத்தகிரியிலிருந்து எழுதிய அப்பாவுக்கு. கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ராக்கெட் எரிபொருள் என்று மகள் வாயெடுத்ததுமே, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உங்கள் மச்சான் "அப்போ ஏரோஸ்பேஸ்தான்" என்று முடிவு கட்டியதையும், அதற்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கப் போவதையும் படித்தபின் மனம் வரவில்லை. வைக்காதீர்கள். பச்சைத்தேயிலை விற்கிற விலையில் அந்தக் கடன் அடையாது.

அவள் அனுப்பிய குறிப்பில் ராக்கெட் எங்கே இருக்கிறது? பூனைகள்தான். 1960களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் என்ற மூளை ஆய்வாளர் பூனைகளுக்கு மோனோமெத்தில் ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளைக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பு வந்தது, ஆனால் 12–15 ஹெர்ட்ஸ் மூளையலையைக் கூட்டப் பழகியிருந்த பூனைகள் கூடுதல் நேரம் தாங்கின. ஹைட்ரசீன் வகைகள் வைட்டமின் பி6-ஐ முடக்குகின்றன. அது இல்லாமல் மூளைக்குப் பிரேக் போடும் காபா என்ற வேதிப்பொருள் குறைகிறது, நரம்பணுக்கள் மொத்தமாகச் சேர்ந்து துடிக்கின்றன, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி-யில் அது கூர்முனைகளாக ஏறுகிறது. காசநோய் மாத்திரை ஐசோநயாசிட் அளவு மீறினாலும் இதே கதைதான், மாற்று மருந்தும் அதே பி6. இதையெல்லாம் பிளஸ் டூ பெண் தானாகத் தேடிப் படித்திருக்கிறாள்!

அவளுக்கான படிப்பு பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி, அதாவது மூளை, நரம்புகளின் மின்துடிப்பைப் பதிவெடுக்கும் படிப்பு. அரசு நடத்தும் பாராமெடிக்கல் கலந்தாய்வில் பட்டியலிலேயே இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் இடம், இந்த வருட அறிவிப்பை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை என்ன? தலையை டேப்பால் அளந்து, இடம் குறித்து, பசை தடவி இருபத்தோரு மின்முனைகளை ஒட்ட வேண்டும். மைக்ரோவோல்ட் அளவில்தான் சிக்னல் வரும், அதனால் கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் திரையில் கோடு துள்ளும், அது வலிப்பா வெறும் சிமிட்டலா என்று பிரிக்கப் பழகியவருக்குத்தான் மதிப்பு. மூச்சை வேகமாக வாங்கச் சொல்லி, விளக்கை மினுக்கி, தூங்கவைத்தும் பதிவெடுப்பார்கள். அப்புறம் நரம்பின் வேகம் அளப்பது, முதுகுத்தண்டு ஆபரேஷன் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நரம்பைக் கண்காணிப்பது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர்தான், ஆனால் பதிவு மோசமென்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, மச்சான் சிரிப்பார், சிரிக்கட்டும். விண்ணப்பிப்பதற்குள் கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு நரம்பியல் பிரிவில் அனுமதி கேட்டு அவளை அரைநாள் இஇஜி அறையில் உட்காரவையுங்கள். நீங்கள் வெளியே இருங்கள்.