சிலிகோன் புட்டியில் (இரண்டு டப்பாவில் வரும், கலந்து பிசைந்தால் ரப்பர் போல இறுகும் மாவு) பொத்தான், சின்னப் பூ போன்றவற்றுக்கு அச்சு எடுத்தால் சில இடங்கள் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்பது ஏன்?

பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: கலவை சரியில்லை, அல்லது கந்தகம் பட்டிருக்கிறது.

இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு எடுங்கள் (பெரும்பாலான புட்டிகளுக்கு 1:1). நிறக்கோடு ஒன்றுகூடத் தெரியாத வரை பிசையுங்கள். வெள்ளைக் கீற்று இருந்தால் அந்த இடம் இறுகாது. அதற்காக நிதானமாகவும் பிசைய முடியாது. வேகமாக இறுகும் வகைகளில் கைக்குக் கிடைப்பது மூன்று நிமிடம் போல. வெயில் காலத்தில் அதுவும் குறையும், டப்பாக்களைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம்.

பிளாட்டினம் வகைப் புட்டிக்கு (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) கந்தகம் ஆகவே ஆகாது. லேடெக்ஸ் கையுறை, ரப்பர் பேண்ட், கந்தகம் கலந்த மாடலிங் களிமண் எதுவும் படக்கூடாது. வெறுங்கை அல்லது வினைல் கையுறை போதும்.

பிசைந்ததை மடிப்பு இல்லாத உருண்டையாக்கி, வழவழப்பான பக்கத்தைப் பொத்தானின் நடுவில் வைத்து ஓரம் நோக்கி அழுத்துங்கள்; காற்று வெளியேறிவிடும். சுற்றிலும் 5 மி.மீ. கனமாவது வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாதபோது கழற்றலாம்.

பொத்தானே சிலிகோன் என்றால் முதலில் வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரியாது.